ஆடியில் வந்து பாருங்கள்

இப்போது உங்களிடம் சொல்லப்போவதை நானே முழுசாக நம்புகிறேனா என்று கேட்டால், இல்லை. பல வருஷமாகச் சந்தேகம்தான். சந்தேகப்பட்டுக்கொண்டே எத்தனையோ பேரிடம் சொல்லியும் வந்திருக்கிறேன். சொல்லச் சொல்ல உறுதியாகிவிடும் என்று நினைத்தேன் போல. ஆகவில்லை. உட்காருங்கள் தம்பி. அந்த நாற்காலி ஆடும், இதில் உட்காருங்கள்.

சிதம்பரம் டீ வாங்கத்தான் போயிருக்கிறான். மெயின் ரோட்டில் பஸ் நிற்கிற விலக்கில்தான் கடை, பைக்கில் போய் வரக் கொஞ்சம் நேரமாகும். போகும்போது என்னை ஒரு முறை முறைத்தானே, கவனித்தீர்களா? "அத்தான், நீங்க வாயத் திறக்காதிய, நான் பேசிக்கிடுதேன்" என்று வாசலிலேயே சொல்லிவிட்டுத்தான் உங்களை உள்ளே கூட்டிவந்தான். அவன் வெறும் தரகன் இல்லை. என் வீட்டுக்காரி செண்பகத்தின் கூடப்பிறந்த தம்பி. உங்களிடம் சொல்லியிருக்க மாட்டான்.

வீடு பிடித்துவிட்டது, இல்லையா? முகத்திலேயே தெரிகிறது. பிடிக்கும். மாசி மாதம் காலையில் யார் வந்தாலும் இந்த வீடு பிடிக்கும். கிணற்றுத் தண்ணீர் கல்கண்டு மாதிரி. வாசல் வரைக்கும் தார் ரோடு. உள்ளே வரும்போது நீங்கள்கூட அந்தக் கரண்ட் எடுக்கிற காத்தாடிகளைக் காட்டி, "பாக்க அழகா இருக்குல்லா" என்றீர்கள். அழகுதான். சுவரில் வரைந்து வைத்த மாதிரி நிற்கின்றன. தையில், மாசியில், பங்குனியில் அப்படித்தான் நிற்கும். காற்று கிடையாது.

காற்று வருவது வைகாசிக்குப் பிறகு. ஆடியில் உச்சம். ஆடியில் எங்கள் பக்கத்தில் யாராவது வீடு பார்க்க வருவார்களா? முன்பணம் கொடுப்பார்களா? மாட்டார்கள். ஆவணி பிறக்கட்டும் என்பார்கள், ஆவணி போனால் தை பிறக்கட்டும் என்பார்கள். அதனால் இந்த ஊரில் காத்தாடி ஓடுவதைப் பார்த்து வீடு வாங்கின ஆள் ஒருத்தனும் கிடையாது. நின்ற காத்தாடியைப் பார்த்து வாங்குவான், அதற்கப்புறம் ஓடும். சிதம்பரத்தின் தொழிலே அதில்தான் நடக்கிறது. அவனைக் குறை சொல்லவில்லை. தொழில்.

எனக்குச் சுரண்டையில் பாத்திரக்கடை. இந்த வீட்டைக் கட்டும்போது மேற்கே வெறும் மானாவாரிக் காடு. உடைமரமும் ஆடும்தான். அது வெள்ளத்துரை அண்ணனின் காடு. பெரியப்பா மகன். கூடப்பிறந்த அண்ணன் எனக்குக் கிடையாது, அதனால் அவர்தான் அண்ணன். என்னை "ஏ கோமதி" என்று பொம்பளைப் பேரைச் சொல்லிக் கூப்பிடுவார். கோமதிநாயகம் என்று முழுசாகச் சொல்லத் தெம்பில்லையாம். நடுத்தெருவில் நின்றுகொண்டு அப்படிக் கத்துவார். ஊரே சிரிக்கும்.

காத்தாடிக் கம்பெனிக்காரன் வந்தான். உயரமாக ஒரு கம்பத்தை நட்டு, அதன் தலையில் கிண்ணம் கிண்ணமாகச் சுற்றவிட்டுக் காற்றை அளந்தான். அண்ணன் காட்டுக்கு விலை சொன்னான். அண்ணன் கொடுத்துவிட்டார். நானும் என் காட்டுப் பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு அந்த ஆபீஸ் வாசலில் போய் நின்றேன், அது வேறு விஷயம். "இதுல காத்து பத்தாது சார்" என்று அனுப்பிவிட்டார்கள். அதற்காக நான் அண்ணன்மேல் பொறாமைப்பட்டதில்லை. ஒரு நாளும் இல்லை. இதை எல்லோரிடமும் தெளிவாகச் சொல்லிவிடுவேன்.

அதற்குப் பிறகு வேடிக்கையைப் பாருங்கள். காடு விலை ஏறியது, வீடு விலை இறங்கியது. ஒன்றுக்கும் உதவாத உடங்காட்டுக்கு ஆள் காரில் வருகிறான். தேக்கில் நிலை வைத்த வீட்டைக் கேட்க ஒருத்தன் வருவான், மேற்கே ஒரு தடவை பார்ப்பான், "சரி, சொல்லி அனுப்புதேன்" என்பான். அவ்வளவுதான். நான் கஷ்டப்பட்டுக் கட்டின வீடு, நான் தூங்கி எழுவதற்குள் அண்ணன் காட்டில் நிற்கிற ஒன்றால் பாதியாகிப்போனது. ஆனால் அண்ணனைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்டேனா? கேட்கவில்லை. பேச்சைக் குறைத்துக்கொண்டேன். அவரும் வீட்டுப் பக்கம் வருவதை நிறுத்திக்கொண்டார். அவ்வளவுதான்.

செண்பகத்துக்குத்தான் முடியாமல் போனது. சத்தத்தைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். அந்தச் சத்தம் எப்படி இருக்கும் தெரியுமா? யாரோ ஒரு ஈர வேட்டியை உதறுகிற மாதிரி. ஒரே வேட்டி, உதறி முடிக்கவே மாட்டான். அது பழகிவிடும். நிழல்தான் அவளுக்குப் பழகவில்லை. ஆடியில் சாயங்காலம் சூரியன் சரியாக அந்தக் காத்தாடிக்குப் பின்னால் இறங்கும். இறக்கையின் நிழல் ஒவ்வொன்றாக மேற்கு ரூமுக்குள் வந்து போகும், வந்து போகும். மதியத்துக்கு மேல் அவள் படுக்கிற ரூம் அது. அவள் சொல்வாள், "சன்னலுக்கு வெளிய யாரோ நடந்து போய்க்கிட்டே இருக்காவ, ஆனா போய் முடிய மாட்டேங்காவ" என்று. தலைவலி. வாந்தி.

"ஒரு நாள் கடைய அடைச்சிட்டு அஞ்சு மணிக்கு வாங்க. அந்தக் கட்டில்ல தல வச்சுப் படுத்துப் பாருங்க."

"யாவார நேரம்லா."

"ஒரே ஒரு நாள்."

நான் சும்மா இருக்கவில்லை. திரைச்சீலை வாங்கிப் போட்டேன். அதற்கு மேல் கறுப்புத் துணி. இதற்கு மேல் ஒரு மனிதன் என்ன செய்வான்? ஒன்றே ஒன்றுதான் சொன்னேன், வெளியே சொல்லிவிடாதே, வீடு விலை போகாது என்று. அவள் ஒரு மாதிரி பார்த்தாள்.

"காத்தாடிச் சத்தம் உங்களுக்குக் கேக்குதா?"

"கேக்காம என்ன."

"அப்ப நான் சொல்லுதது மட்டும் ஏன் கேக்க மாட்டேங்கு?"

நல்ல கேள்விதான். ஆனால் அன்றைக்குக் கடைக்கு அண்டா இறங்குகிற நாள். லாரிக்காரன் காத்திருந்தான். போய்விட்டேன்.

அடுத்த ஆடி வரும் முன்னாலேயே அவள் பாளையங்கோட்டைக்குத் தம்பி வீட்டுக்குப் போனாள். கோபத்தில் போகவில்லை. சுவருக்குச் சுவர் கேட்டுப் பாருங்கள், சண்டைச் சத்தம் கேட்டதாக யாரும் சொல்ல மாட்டார்கள். "வீட்ட வித்துட்டு வரச் சொல்லுதா அத்தான். இங்கன ஒரு வீடு பாத்துருவோம், அக்கா சேந்து இருந்துக்கிடுவா" என்று சிதம்பரம் வந்து சொன்னான். அவள் நேரே சொல்லவில்லை. போனில் அவள் அதிகம் பேச மாட்டாள். சாப்பிட்டியளா, ம், வச்சிரட்டா, அவ்வளவுதான் பேச்சு. அங்கே ஒரு தையல் கடையில் ரவிக்கை தைக்கப் போனாள். நன்றாகத் தூங்குகிறாள் என்று சிதம்பரம் சொன்னான். சந்தோஷமாக இருந்தது. காத்தாடி இல்லாத ஊர், தூக்கம் வரத்தானே செய்யும்.

அப்போது வந்தவர்கள்தான் பெஞ்சமின் சாரும் அவர் மனைவி எஸ்தர் டீச்சரும். இரண்டு பேரும் வாத்தியார்கள். சிதம்பரம்தான் பாளையங்கோட்டையிலிருந்து கூட்டிவந்தான். பங்குனி மாதம், உங்களை மாதிரியே காலை நேரம். பிடித்துவிட்டது. விலைதான் இழுத்தது. அவர் ஒன்று சொல்வார், நான் ஒன்று சொல்வேன், சிதம்பரம் வீட்டில் உட்கார்ந்து பேசுவார்கள், அங்கிருந்து எனக்குப் போன் வரும். சித்திரை போனது. வைகாசி போனது. "கொஞ்சம் எறங்கி வாங்க அத்தான், அக்கா அங்க தனியா கெடக்கா" என்பான். நான் ஏன் இறங்க வேண்டும்? ஆனி கடைசியில் சார் என் விலைக்கே வந்தார். அடுத்த வாரமே பத்திரம் முடித்துவிடலாம் என்றார்.

அடுத்த வாரம் ஆடி பிறக்கிறது.

"எங்களுக்கு அப்படி ஒண்ணும் கிடையாதே சார்" என்றார்.

"எங்களுக்கு உண்டு" என்றேன். "ஆவணி முதல் முகூர்த்தத்துல வச்சிக்கிடுவோம்."

தப்பா? நீங்களே சொல்லுங்கள். எந்தக் குடும்பஸ்தன் ஆடியில் வீட்டை விற்பான்? அதுவுமில்லாமல் ஆடியில் யாரும் வந்து பார்க்கப்போவதில்லை என்ற தைரியம். ஆடி எனக்குக் கதவு மாதிரி. அது பூட்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர்களுக்கு அந்தக் கதவே கிடையாது என்பது எனக்குத் தோன்றவில்லை.

ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பிற்பகலில் கடை வாசலில் அவர்கள் கார் வந்து நின்றது. வீட்டை இன்னொரு தடவை பார்க்கலாமா என்று சார் கேட்டார். என்ன சொல்லி மறுக்க? கடையைப் பையனிடம் விட்டுவிட்டுக் காரில் ஏறினேன். வழியெல்லாம் காத்தாடி. நான் பள்ளிக்கூடம், தண்ணீர், பஸ் என்று பேசிக்கொண்டே வந்தேன். டீச்சர் வெளியே பார்த்துக்கொண்டே வந்தார்.

கதவைத் திறந்ததும் நேரே மேற்கு ரூமுக்குப் போனார். என்னைக் கேட்கவில்லை. கறுப்புத் துணியை ஒதுக்கினார், திரைச்சீலையை ஒதுக்கினார். கட்டிலில் உட்கார்ந்தார். பிறகு, "மன்னிச்சுக்கிடுங்க" என்று சொல்லிவிட்டு, அதில் தலைவைத்துப் படுத்தே விட்டார். அந்நிய வீட்டில் ஒரு பொம்பளை. சாரும் நானும் நிலைப்படியில் நிற்கிறோம். மேகம் மூடியிருந்தது. மூடியே இருக்கட்டும் என்று நான் இலஞ்சிக்குமாரரை வேண்டிக்கொண்டு நிற்கிறேன். மேகம் விலகிவிட்டது.

சுவர் முழுக்க வந்தது. டீச்சர் முகத்தில் விழுந்தது, போனது. சார் சட்டையில் விழுந்தது. என்மேலும் விழுந்தது. யாரோ நம்மைத் தாண்டிப் போகிற மாதிரி, கூப்பிட்டால் திரும்ப மாட்டார்கள் என்கிற மாதிரி. அதை நான் அன்றைக்குத்தான் முதல் தடவை பார்த்தேன். ஆமாம் தம்பி. ஞாயிற்றுக்கிழமையும் கடை உண்டு. அந்த நேரத்தில் நான் ஒரு நாளும் வீட்டில் இருந்ததில்லை.

டீச்சர் எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டார். "சொன்ன மாதிரியேதான் இருக்கு" என்றார். சார் அவரை ஒரு பார்வை பார்த்தார். டீச்சர் அதோடு நிறுத்திக்கொண்டார்.

"யார் சொன்னா?" என்றேன்.

"எங்களுக்குத் தோதுப்படாது சார்" என்று மட்டும் சொன்னார் பெஞ்சமின் சார். போய்விட்டார்கள்.

மறுநாள் சிதம்பரம் வந்தான். நான் சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறேன். யாருடா சொன்னது, யாருடா என்று சட்டையைப் பிடிக்காத குறை. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "ஒங்க வெள்ளத்துர அண்ணன்தான் அத்தான். 'ஆடியில வந்து பாருங்க. அஞ்சு மணிக்கு மேக்கு ரூம்ல கட்டில்ல தல வச்சுப் படுத்துப் பாருங்க'ன்னு அச்சு அசலா இப்படியே சொல்லியிருக்காவ. வெல இன்னும் எறங்குனா நாமளே வாங்கிப் போட்டிருவோம்னு நெனப்பு போல."

நம்பினேன். உடனே நம்பினேன். ஏன் அவ்வளவு சீக்கிரம் நம்பினேன் என்று இப்போது யோசிக்கிறேன். நம்புவதற்கு ரொம்ப நாளாகத் தயாராக இருந்திருப்பேன் போல.

அண்ணனோடு பேச்சை விட்டேன். முழுசாக விட்டேன். ஒரு தடவை கடைக்கே வந்து நின்றார். நான் ஒரு குடத்தில் பேர் வெட்டிக்கொண்டிருந்தேன். "ஏ கோமதி, என்னல, மூஞ்சியவே காட்ட மாட்டேங்க? நான் ஒன் சொத்துல கைவச்சனா?" என்றார், சிரித்துக்கொண்டுதான். நான் மிஷினை நிறுத்தவில்லை. அந்த மிஷின் கீச்சென்று கத்தும், பல் கூசும். அவர் பாட்டுக்கு நின்று பார்த்தார். பிறகு ஒரு டம்ளரை எடுத்து, தட்டிப் பார்த்து, வைத்துவிட்டுப் போனார்.

அவர் மகன் கல்யாணத்துக்கு நான் போகவில்லை. ஆனால் ஊரில் எல்லோரும் என் கடையில்தானே பாத்திரம் வாங்குவார்கள்? அண்டா, தவலை, குத்துவிளக்கு, எல்லாவற்றிலும் பொண்ணு மாப்பிள்ளை பேரை என் கையால்தான் வெட்டினேன். "நீங்க என்னைக்குப் போறிய அண்ணாச்சி?" என்று ஒவ்வொருத்தரும் கேட்பார்கள். "பாப்போம்" என்பேன். கல்யாணத்தன்றைக்குக் கடையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு ஈ காக்கை வரவில்லை. எல்லோரும் அங்கே.

அப்புறம் அவர் செத்துப்போனார். நுரையீரல். தெருமுனை வரைக்கும் போனேன், அங்கேயே நின்றுகொண்டேன். கொட்டுச் சத்தத்துக்கு மேலே காத்தாடிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பதினாறாம் நாளெல்லாம் முடிந்தபிறகு மைனி, அதாவது அண்ணன் வீட்டம்மா, பஸ்ஸில் வைத்து என்னைப் பார்த்தார்கள். திட்டுவார்கள் என்று நினைத்தேன். திட்டவில்லை. "கடைசி வரைக்கும் கேட்டுட்டே கெடந்தாவ தம்பி. 'கோமதி ஏன் எங்கூடப் பேசல, ஒனக்காவது தெரியுமா'ன்னு. எனக்குத் தெரியலையே, நான் என்ன சொல்லட்டும்?" என்றார்கள்.

அங்கேதான் எனக்கு முள் ஏறியது. செய்தவனுக்குக் காரணம் தெரியாதா? தெரிந்தவன் சாகிற வரைக்கும் அதையே கேட்டுக்கொண்டு கிடப்பானா?

அப்புறம் இன்னொன்று. கட்டில். காத்தாடி நட்ட பிறகு அண்ணன் இந்த வீட்டு வாசல்படி மிதிக்கவில்லை. அந்தக் கட்டிலை மேற்கு ரூமுக்கு மாற்றியது அதற்குப் பிறகு. அங்கே ஒரு கட்டில் கிடப்பது அண்ணனுக்கு எப்படித் தெரியும்? அதில் தலைவைத்துப் படுத்தால் என்ன தெரியும் என்பது எப்படித் தெரியும்? அஞ்சு மணிக்கு அதில் படுத்து அனுபவப்பட்டது உலகத்திலேயே ஒரு ஆள்தான். கட்டின நானே படுத்ததில்லை.

விலை பேசப் பெஞ்சமின் சாரும் டீச்சரும் சிதம்பரம் வீட்டுக்குத்தான் போவார்கள், வருவார்கள் என்றேன் இல்லையா? அங்கே அவர்களுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தது யார்?

ஆனால் அவளுக்கு என்ன வந்தது தம்பி? வீடு விற்றால்தானே நான் அங்கே போக முடியும்? விற்கக் கூடாது என்று அவள் ஏன் நினைக்கப் போகிறாள்? இந்த இடத்துக்கு மேலே நான் யோசித்ததில்லை. யோசிக்க உட்கார்ந்தால் கடைக்கு யாராவது வந்துவிடுவார்கள்.

போன வாரம் சிதம்பரம் வந்து, "நல்ல பார்ட்டி ஒண்ணு மாட்டியிருக்கு. இந்தத் தடவ முடிச்சிருவோம் அத்தான், முடிச்சா அக்கா சேந்து இருந்துக்கிடுவா" என்றான். நீங்கள்தான் அந்தப் பார்ட்டி. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அக்கா சேந்து இருந்துக்கிடுவா. அதே வார்த்தை. அன்றைக்கும் அதைத்தான் சொன்னான். நடுவில் இத்தனை வருஷத்தில் நான் அவளிடம் நேரே ஒரு தடவையாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. வீடு விற்கட்டும், அப்புறம் கேட்போம் என்று இருந்துவிட்டேன்.

எழுந்திருங்கள். ஒரு கை பிடியுங்கள், இந்தப் பீரோவை நகர்த்துவோம். பிடியுங்கள், கனம்தான். சுவரோரம் பீரோ இருப்பதில் என்ன இருக்கிறது என்றுதானே பார்க்கிறீர்கள்? நேற்று வரை இது அந்த மூலையில் இருந்தது. உங்களுக்காகச் சிதம்பரம் தள்ளிவைத்தான். இன்னும் கொஞ்சம். போதும்.

பார்த்தீர்களா, சன்னல். மேற்கு ரூம் இதுதான். கட்டில் இதுதான். வடமேற்கே தெரிகிறதே, ஒற்றையாக நிற்கிறதே, அது அண்ணன் காத்தாடி. இப்போது அசையவில்லை. ஆடியில் வந்து பாருங்கள். உங்கள் வீட்டம்மாவையும் கூட்டிக்கொண்டு, சாயங்காலமாக வாருங்கள். ஒரு மணி நேரம் இருந்து பார்த்துவிட்டு, அப்புறம் விலை சொல்லுங்கள். என்ன விலை சொன்னாலும் சரி.

பைக் சத்தம் கேட்கிறது. வந்துவிட்டான்.

வா மாப்ள. ஏன் நெலையிலயே நின்னுட்ட? பீரோவப் பாக்கியா? நாங்கதான் நகத்துனோம். டீயக் கீழ வை. தம்பிட்ட எல்லாம் சொல்லிட்டேன். இல்ல, நீ அண்ணன் பேர ஏன் சொன்னன்னு நான் கேக்கப் போறதில்ல. கூடப்பெறந்தவளுக்காகச் சொல்லியிருப்ப. நானா இருந்தாலும் சொல்லியிருப்பேன். என்னப் பாரு, தரையப் பாக்காத. வேற ஒண்ணுதான் கேக்கணும், இவ்வளவு நாளா கேக்காம விட்டது.

அன்னைக்கு நான் இந்த வீட்ட வித்திருந்தா, ஒங்க அக்கா எங்கூட வந்து இருந்திருப்பாளா?